அவசரப் பையும் ஐந்து கதைகளும்

எங்கள் பெண்கள் சிறுசேமிப்புக் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில், கணக்குக் கொப்பி மூடிய பிறகு கொஞ்ச நேரம் இருந்து கதைப்பது வழக்கம். அப்படியான ஒரு நாளில் எனது கைப்பையிலிருந்து வெளியே தெரிந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஓர் அக்கா கேட்டார்: "என்ன தங்கச்சி வாசிக்கிறியள்?"

"எதிர்காலத்திலை நடக்கிற மாதிரி எழுதின ஒரு விஞ்ஞானக் கதை அக்கா."

"எதிர்காலமோ? எனக்கு வாற மாதம் லோன் கட்டுறதுதான் எதிர்காலம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் என்னோடு வந்தது. போரையும் இடப்பெயர்வையும் கண்ட பெண்களுக்குக் கற்பனைக் கதைகள் எதற்கு? நடந்ததைச் சொல்லி முடிக்கவே ஆயுள் போதாத நிலையில், நடக்காததை ஏன் வாசிக்க வேண்டும்?

சிறுவயதில் அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் கதைகளை வாசித்தவர்கள் எம்மில் பலர். வளர்ந்த பின் மாயக் கதைகள் பிள்ளைகளுக்குரியவை என்றும், விஞ்ஞானக் கதைகள் ஆண்பிள்ளைகளுக்குரியவை என்றும் ஒதுக்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் தோழி ஒருத்தி கடந்த வருடம் சில ஆங்கிலப் புத்தகங்களை அனுப்பியிருந்தாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் வாசித்தேன். எல்லாம் பெண்கள் எழுதியவை. அவற்றில் ஐந்தைப் பற்றிய எனது அபிப்பிராயங்களை வாசகத் தோழிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

விதைப் பொதி வைத்திருந்த பெண்பிள்ளை

முதலாவது, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஒக்டாவியா பட்லர் 1993 இல் வெளியிட்ட 'விதைப்பவனின் உவமை' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட நாவல். கதை 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆரம்பிக்கிறது. எழுதியவருக்கு எதிர்காலமாக இருந்த அந்த ஆண்டு எங்களுக்கு இப்போது கடந்துபோய்விட்டது. காலநிலை மாறி, தண்ணீருக்கு விலை ஏறி, வேலையும் சட்டமும் இல்லாமற்போன கலிபோர்னியாவில், மதில் கட்டி அடைத்த ஒரு குடியிருப்பில் லோரன் என்ற பதினைந்து வயதுப் பெண்பிள்ளை வாழ்கிறாள். இந்த மதில் ஒருநாள் விழும் என்பது அவளுக்குத் தெரிகிறது. பெரியவர்கள் அதைப் பற்றிக் கதைக்க விரும்பவில்லை. தோழி ஒருத்தியிடம் மனம் திறந்து சொன்னதற்கு, சனங்களைப் பயப்படுத்தாதே என்று தகப்பனிடம் பேச்சு வாங்குகிறாள். ஆனாலும் அவள் ஒரு பையைத் தயார்ப்படுத்தி வைக்கிறாள். காய்ந்த உணவு, நெருப்புப்பெட்டி, மாற்றுடுப்பு, கொஞ்சக் காசு, விதைகள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, மழைக்குள் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த சனத்திரளில் எட்டு வயதுப் பிள்ளையாக நானும் நடந்தேன். அம்மாவின் தோளில் ஒரு பை இருந்தது. எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அப்பாவின் அடையாள அட்டைப் பிரதி எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருந்தன. அந்தப் பை எப்போது தயாரானது என்று நான் அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. லோரனை வாசித்த பின்தான் கேட்டேன். "அதுக்கு மூண்டு மாதத்துக்கு முதலே" என்றார். எங்களுக்குத் தெரியாமல், இரவில், தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்.

லோரனின் தகப்பன் ஒருநாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வரவில்லை. தேடுகிறார்கள். உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலேயே அவருக்கு ஓர் இறுதி வழிபாடு நடக்கிறது. பட்லர் இதை ஆரவாரமில்லாமல் எழுதிச் செல்கிறார். எங்களில் எத்தனையோ பேர் அந்த வழிபாட்டைக்கூடச் செய்ய மனம் ஒப்பாமல் இருக்கிறோம். இறுதியில், தப்பி வடக்கு நோக்கி நடந்தவர்கள் ஓர் இடத்தில் நின்று, இழந்த ஒவ்வொருவருக்காகவும் மர விதைகளை நடுகிறார்கள். அந்த இடமே அவர்களுடைய புதிய ஊராகிறது.

எனது அபிப்பிராயத்தில் இந்நாவலின் குறை, லோரன் உருவாக்கும் புதிய சமயம். மாற்றத்தையே கடவுளாகக் கொண்டு, மனிதர் நட்சத்திரங்களுக்குப் போய் வாழ வேண்டும் என்று அவள் சொல்வது என் மனதில் ஒட்டவில்லை. ஆனால் பிறருடைய வலியைக் கண்டால் அதைத் தன் உடலிலேயே உணரும் நோய் அவளுக்கு இருக்கிறது. சமூகப் பணியில் இருக்கும் எவருக்கும் அதை விளங்கிக்கொள்ள அகராதி தேவைப்படாது.

முழுமையாகத் திரும்பி வராதவள்

இரண்டாவதும் பட்லருடையதே. 1979 இல் வெளிவந்த 'கின்ட்ரெட்', அதாவது இரத்த உறவு. 1976 இல் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், தன் இருபத்தாறாவது பிறந்தநாளன்று திடீரெனக் காலத்தால் பின்னோக்கி இழுக்கப்பட்டு, அடிமை முறை நிலவிய மேரிலன்ட் தோட்டமொன்றில் போய் விழுகிறாள். அங்கே ரூபஸ் என்ற வெள்ளையினச் சிறுவனின் உயிரைக் காப்பாற்றுகிறாள். அடிமைகளின் எசமானாக வளரப்போகும் அவன் அவளுடைய மூதாதை. அவன் இறந்தால் அவளுடைய வம்சமே இல்லை. அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் இழுக்கப்படுகிறாள். தன்னுயிர் போய்விடும் என்று அஞ்சும்போதே திரும்பி வருகிறாள்.

டேனாவும் ஒரு பை கட்டுகிறாள். உடுப்பு, கத்தி, மருந்து வகைகளைப் போட்டு, அடுத்த முறை இழுபட்டுப் போகும்போது கூடவே வரும்படி தன்னோடு கட்டிக்கொள்கிறாள். சொந்த வீட்டின் வரவேற்பறையில் பையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் அந்தப் பெண்ணைப் படித்தபோது, ஷெல் சத்தம் கேட்கும் திசையைக் கணித்தபடி குசினியில் சமைத்த எங்கள் தாய்மாரே ஞாபகம் வந்தனர்.

கடைசிப் பயணத்தில் டேனா தன் இடது கையை இழந்துதான் வீடு வந்து சேர்கிறாள். நாவலின் முதல் பக்கத்திலேயே இது சொல்லப்படுகிறது. அவளை முழுமையாகத் திரும்பி வர விட முடியவில்லை என்று பட்லர் பின்னர் நேர்காணல்களில் விளக்கியிருக்கிறார். அவளுடைய கணவனும் ஒரு பயணத்தில் அவளோடு இழுபட்டுப் போய், ஐந்து வருடங்கள் அந்தக் காலத்தில் அகப்பட்டுவிடுகிறான். திரும்பி வந்தவனுக்குத் தன் சொந்த வீடே அந்நியமாகத் தெரிகிறது. "மனுசன் வந்திட்டார், ஆனா இன்னும் வந்து சேரேல்லை" என்று தடுப்பிலிருந்து விடுதலையான கணவனைப் பற்றி ஒரு தங்கை என்னிடம் சொன்னதை இங்கே நினைத்துக்கொண்டேன். ஐந்து புத்தகங்களில் ஒன்றைத்தான் வாசிக்க முடியுமென்றால் இதை வாசியுங்கள். ஆங்கிலம் கடினமானவர்களுக்கு 2017 இல் வெளிவந்த சித்திரக்கதை வடிவமும் உண்டு.

இந்த ஆசிரியையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1947 இல் பிறந்த பட்லர் சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். தாய் பிறர் வீடுகளில் வேலை செய்து அவரை வளர்த்தார். தாய் அந்த வீடுகளுக்குள் பின்கதவால் போவதைப் பார்த்துச் சிறுமியாக வெட்கப்பட்டதையும், அந்தத் தாய் பட்ட அவமானத்தில்தான் தனக்குச் சாப்பாடு கிடைத்தது என்பதைப் பிறகு உணர்ந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். 1995 இல் மக்ஆர்தர் புலமைப்பரிசிலைப் பெற்ற முதலாவது விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் அவர். 2006 இல் காலமானார்.

மகளைத் தேடிப் போகும் தாய்

மூன்றாவது, என். கே. ஜெமிசின் 2015 இல் எழுதிய 'ஐந்தாவது பருவம்'. இது மாயப் புனைவு. அடிக்கடி நிலநடுக்கமும் எரிமலையும் வாழ்வைக் குலைக்கும் ஒரு நிலம். நிலநடுக்கத்தைத் தம் மனத்தால் அடக்கக்கூடிய ஒரு பிரிவினர் அங்கே பிறக்கின்றனர். சமூகம் அவர்களுடைய ஆற்றலைப் பயன்படுத்துகிறது, அவர்களையோ வெறுக்கிறது. எசுன் என்ற பெண் தன் பிறப்பை மறைத்து ஒரு சிற்றூரில் ஆசிரியையாக வாழ்கிறாள். ஒருநாள் வீடு திரும்பும்போது, மூன்று வயது மகனைக் கணவனே அடித்துக் கொன்றிருக்கிறான். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளையும் அந்தப் பிரிவினன் என்று தெரிந்துவிட்டதுதான் காரணம். எசுன் மகளைத் தேடிப் புறப்படுகிறாள். உலகமே அழிந்துகொண்டிருக்கும் நேரத்தில் அவளுக்குத் தேவை ஒரேயொரு பிள்ளையின் செய்தி.

இந்த நிலத்தில் எல்லோரும் ஓடுவதற்கென்று ஒரு பையைக் கட்டித் தயாராக வைத்திருப்பது வழக்கம். அதற்கு அவர்களுடைய பேச்சில் ஒரு தனிப் பெயரே இருக்கிறது. அழிவு அடிக்கடி வரும் சமூகத்தில் பைக்கும் ஒரு பெயர் பிறந்துவிடுகிறது.

வாசிக்கக் கடினமான நாவல் இது. புதுப்புதுச் சொற்கள் வருகின்றன. பின்னிணைப்பில் அவற்றுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கிறது. எசுனின் கதை முழுவதும் 'நீ', 'நீ' என்று சொல்லப்படுகிறது. முதல் ஐம்பது பக்கங்கள் களைப்பைத் தந்தன. பிள்ளை இறந்து கிடக்கும் முதற் காட்சியை, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தனியாக இருந்து வாசிக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். ஆனால் துயரத்தில் இருக்கும் ஒருவருக்குத் தன் வாழ்க்கை வேறு யாருக்கோ நடப்பதுபோல் தெரியும் என்பதை அந்த 'நீ' எனக்கு விளங்கவைத்தது. ஜெமிசின் உளவியல் படித்து, ஆலோசகராகத் தொழில் செய்தவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. இத்துறையின் பெரும் பரிசான ஹியூகோ விருதை இந்நாவலும் இதன் அடுத்த இரண்டு பாகங்களும் 2016, 2017, 2018 என்று தொடர்ந்து பெற்றன. சிறந்த நாவலுக்கான அவ்விருதைப் பெற்ற முதலாவது கறுப்பின எழுத்தாளரும் இவரே.

வாக்குமூலத்துக்கு என்ன நடந்தது?

நான்காவது, கனடிய எழுத்தாளர் மார்கிரட் அற்வூட்டின் 'பணிப்பெண்ணின் கதை'. 1985 இல் வெளிவந்தது. மதில் சூழ்ந்திருந்த மேற்கு பேர்ளினில் இருந்துகொண்டு 1984 இல் அவர் இதை எழுதத் தொடங்கினார். அமெரிக்காவில் மதத்தின் பெயரால் ஓர் ஆட்சி வருகிறது. ஒரே நாளில் பெண்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்படுகின்றன, எல்லாப் பெண்களும் வேலையிலிருந்து நீக்கப்படுகின்றனர். வாசிப்பது அவர்களுக்குக் குற்றம். கடைப் பலகையில்கூட எழுத்து இல்லை, படம் மட்டுமே உண்டு. பிள்ளை பெறக்கூடிய பெண்கள் சிவப்பு உடையில் அதிகாரிகளின் வீடுகளுக்கு அனுப்பப்படுகின்றனர். கதைசொல்லிக்கு அவளுடைய சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை. வரலாற்றில் எங்காவது, எப்போதாவது நடந்திராத எதையும் இதில் சேர்ப்பதில்லை என்பது அற்வூட் தனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

என்னை உலுக்கியது கதையின் கடைசிப் பகுதி. 2195 ஆம் ஆண்டில் ஒரு பல்கலைக்கழக மாநாடு. அந்தப் பெண் ஒலிநாடாக்களில் பதிந்து வைத்த வாக்குமூலம் கிடைத்துவிட்டது. பேராசிரியர் ஒருவர் அதைப் பற்றி உரையாற்றுகிறார். பகிடி விடுகிறார். சபை சிரிக்கிறது. அவருடைய அக்கறையெல்லாம் அவளை வைத்திருந்த அதிகாரி யார் என்பதிலேயே இருக்கிறது. அவள் இன்னும் பயனுள்ள தகவல்களைத் தந்திருக்கலாம் என்று குறைப்படுகிறார். அவளுடைய பெயரோ, அவளுக்கு என்ன நடந்தது என்பதோ கடைசி வரை தெரியவில்லை.

சமூகவியல் படித்த நான் அந்தப் பேராசிரியரின் இடத்தில் என்னைக் கண்டு வெட்கப்பட்டேன். எத்தனை படிவங்களை நிரப்பியிருக்கிறேன்! இடம்பெயர்ந்த திகதி, காணாமற்போனவரின் வயது, கடைசியாகக் கண்ட இடம். "இதை எத்தனையாவது தரம் சொல்லுறன் எண்டு தெரியுமோ பிள்ளை?" என்று ஓர் அம்மா கேட்டபோது, நான் பேனையைக் கீழே வைக்கவில்லை, அடுத்த கூட்டுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்பதற்கு இந்த நாவல்தான் காரணம். நேரில் போய்க் கேட்டேன். "அதுக்கென்ன, தேத்தண்ணி குடியுங்கோ" என்றார்.

புகையில்லாத குசினி

ஐந்தாவது, மற்ற நான்கையும் விடப் பழையது, மிகவும் சிறியது. நாவல் என்பதிலும் பார்க்க நெடுங்கதை எனலாம். ரொக்கேயா சக்காவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. இன்றைய பங்களாதேசத்தின் ரங்பூர் பகுதியில் 1880 இல் பிறந்தவர். வீட்டுக்குள் அடைபட்டு வளர்ந்து, தமையனிடம் இரகசியமாக ஆங்கிலம் கற்றவர். இந்தக் கதை 1905 இல் முதன்முதலாக அச்சேறியது எங்களுக்குக் கிட்டிய சென்னையில் வெளியான ஒரு பெண்கள் சஞ்சிகையில் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தந்தது.

கனவில் சுல்தானா பெண்கள் ஆளும் நாட்டுக்குப் போகிறாள். வெளியே தனியாக நடக்கப் பயப்படுகிறாள். இங்கே பயமில்லை, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்று தோழி சொல்கிறாள்! வெயிலைச் சேமித்துச் சமைக்கிறார்கள். குசினியில் புகையும் இல்லை, கரியும் இல்லை. மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள். ஆண்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடித்தால் ஆறு மணித்தியாலம் வீண், நாங்களோ இரண்டே மணித்தியாலத்தில் வேலையை முடிக்கிறோம் என்று கணக்கும் சொல்கிறாள். கூட்டத்தில் இந்தப் பகுதியைச் சொன்னபோது எழுந்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. "வெயிலிலை சமைக்கிறதெண்டா எங்கடை ஊரிலை அதுக்கு என்ன குறை?" என்றார் லோன் கதை சொன்ன அதே அக்கா.

அந்த நாட்டில் யுத்தம் ஏன் வந்தது தெரியுமா? அயல் நாட்டிலிருந்து தப்பி வந்து தஞ்சம் கேட்டவர்களைத் திருப்பி ஒப்படைக்க இராணி மறுத்ததால். ஆண்களின் படை தோற்கும் நிலையில், பல்கலைக்கழகப் பெண்கள் சேமித்து வைத்த சூரிய வெப்பத்தைப் பாய்ச்சி எதிரியைத் துரத்துகிறார்கள். ஆண்களை அடைத்து வைப்பது தீர்வல்ல என்பதே என் கருத்து. கூண்டுக்குள் இருப்பவரை மாற்றினாலும் கூண்டு கூண்டுதான். ரொக்கேயாவும் அதைப் பகிடியாகத்தான் எழுதினார் என்று நினைக்கிறேன். எழுதியதோடு அவர் நிற்கவில்லை. கணவர் இறந்த பின் 1909 இல் பாகல்பூரிலும், பின்னர் 1911 இல் கல்கத்தாவிலும் பெண்பிள்ளைகளுக்காகப் பாடசாலை ஆரம்பித்தார். கனவு கண்டவரே அதற்கு ஒரு கட்டடத்தையும் தேடிக்கொண்டார்.

பையை இறக்கி வைத்த பின்

இத்துறையின் மற்றொரு முக்கிய எழுத்தாளரான உர்சுலா லெ குவின் 1986 இல் எழுதிய கட்டுரையொன்றில், மனிதரின் முதற் கருவி ஈட்டியல்ல, பொறுக்கிய தானியத்தையும் காயையும் வீட்டுக்குக் கொண்டுவரும் பையாகவே இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைக்கிறார். ஈட்டி எறிந்தவனின் கதை சுவாரசியமாக இருந்ததால் அதுவே வரலாறாயிற்று, பையைச் சுமந்தவர்களின் கதை சொல்லப்படவில்லை என்பது அவருடைய வாதம். எங்கள் போரைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களையும் இதே கண்ணோடு ஒருமுறை பார்க்கலாம்.

லோரனின் கதையைச் சொன்ன அன்று, எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தத்தமது பைக்குள் என்ன இருந்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். பிள்ளையின் கிளினிக் காட். கணவரின் சேட். கழற்றி எடுத்த தையல் மெசின் தலை. பேப்பரில் சுருட்டிய மிளகாய் விதை. யாரும் கேட்கவில்லை, எந்தப் படிவமும் இல்லை, தாங்களாகவே சொன்னார்கள். சிலர் அழுதார்கள். சிலர் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் சுல்தானாவின் கனவைச் சொன்னேன். அப்போது ஒரு கேள்வியும் கேட்டேன்: பத்து வருடத்துக்குப் பிறகு எங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும்? நெடுநேரம் மௌனம். 2009 இற்குப் பிறகு எங்களிடம் ஆயிரம் கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். எல்லாமே நடந்து முடிந்ததைப் பற்றியவை. வரப்போவதைக் கற்பனை செய்யும்படி ஒருவரும் கேட்டதில்லை. கற்பனை செய்வதற்கும் பழக்கம் வேண்டும். இந்தக் கதைகள் எனக்குத் தந்தது அந்தப் பழக்கத்தைத்தான்.

கடைசியில் லோன் அக்காதான் வாய் திறந்தார். "என்ரை பெட்டை கம்பசாலை பின்னேரம் இருட்டினாப் பிறகு பஸ்ஸிலை வந்து இறங்கி, ரோட்டாலை தனிய, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டை வரவேணும். நான் படலையிலை போய் நிக்கக்கூடாது."

விஞ்ஞானக் கதை எழுதுபவர்கள் இதற்கு மேல் என்ன எழுதுகிறார்கள்? தோழியரே, உங்களுடைய பைக்குள் என்ன இருந்தது என்று எழுதுங்கள். அந்தப் பையை இறக்கி வைத்த பின் உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். எழுத்துப் பிழைகளைப் பற்றி யோசிக்க வேண்டாம். கொப்பித் தாளில் ஒரு பக்கம் போதும்.